மரத்தடிச் சாப்பாடும் புச்சிபாபுவும்



சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று செயலாளர் அண்ணன் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எனக்கு வராது. காதல் கதை எழுதினால் அப்பத்தா காதுக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று லேத். இன்னொன்று கிரிக்கெட். லேத்தைப் பற்றி எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் சச்சினும் தோனியும் இதில் இல்லை. அவர்களுக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா மாதிரி ஒருத்தர். பெயர் புச்சிபாபு நாயுடு.

அவரைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இவன் எதற்கு இந்த ஆளைத் தேடிப் பிடித்தான் என்று உங்களுக்குப் புரியாது.

எனக்கு ஊர் குரங்கணி. போடியிலிருந்து மேற்கே மலையடிவாரம். அப்பா ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி. அம்மாவும் அப்படித்தான், கவாத்து, களையெடுப்பு, காய் எடுப்பு என்று எது கிடைக்குதோ அதற்குப் போகும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். எங்க ஊர்ல கிரிக்கெட் ஆட சமதளமே கிடையாது. கொட்டக்குடி ஆத்து ஓரத்தில் ஒரு துண்டு நிலம். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஓங்கி அடித்தால் பந்து ஆத்துக்குள் போய்விடும். அடித்தவனே இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும், அதுவும் அவுட். அதனால் எங்க பையன்கள் எல்லாரும் தரையோடு அடிக்கப் பழகினார்கள். பேட் சில்வர் ஓக் பலகையில் செதுக்கியது. ஸ்டம்புக்கு எருக்கங்கட்டை.

பதினோராம் வகுப்புக்குப் போகாமல் டிப்ளமோ சேர்ந்த வருஷம் கோடை லீவில், கீழே ஒரு ஊரில் ஒரு போட்டிக்கு ஆள் குறைகிறது என்று எங்களில் மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வேண்டாம். காலையில் ஆடினோம். நான் நான்கு ஓவர் போட்டு இரண்டு விக்கெட் எடுத்தேன். எல்லாரும் முதுகில் தட்டினார்கள். மதியம் பந்தலுக்குள் இலை போட்டார்கள். நாங்களும் போனோம். ஒருவர் வந்து, தம்பிகளுக்கு வெளியே பார்சல் இருக்கு, புளியமரத்தடியில் நிழலா இருக்கும், அங்கே சாப்பிடுங்க என்று ரொம்ப அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது. அதட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்போம். மூன்று பேரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மத்தியானம் ஆட்டத்தில் எனக்கு லென்த்தே கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சோறு போட்டாங்கல்ல, விடுப்பா என்றார். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அது என்னை விடவில்லை.

பிறகு ஒருநாள் நூலகத்தில் பழைய விளையாட்டுக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். சேப்பாக்கத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்திய ஆட்டக்காரர்களை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வைத்த கதை அதில் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்துதான் இந்த மனிதரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

லஸ் வீட்டுப் பையன்

புச்சிபாபுவின் முழுப்பெயர் மோத்தவரப்பு வெங்கட மகிபதி நாயுடு. பிறந்தது 1868இல். புச்சிபாபு என்பது செல்லப் பெயர். செல்லப் பெயரே ஊர்ப் பெயராகி, கடைசியில் கோப்பையின் பெயரும் ஆகிவிட்டது.

வறுமையில் வாடிய பிள்ளை இல்லை அவர். நண்பர்களே, நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பணக்கார வீட்டுப் பையன். தாத்தா வெங்கடசாமி நாயுடு, பாரி கம்பெனியின் துபாஷி. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் நம்ம ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று பேசி முடிக்கிறவர். அந்த வேலையில் அந்தக் காலத்தில் கொழுத்த பணம். மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்ற பெரிய மாளிகை. அதில்தான் புச்சிபாபு வளர்ந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வெள்ளைக்கார ஆயாக்கள். அவர்கள் சாயங்காலம் காற்று வாங்கக் கூட்டிப்போன இடத்தில்தான் அவர் முதன்முதலில் கிரிக்கெட்டைப் பார்த்தார் என்று சொல்வார்கள்.

அந்த இடம் சேப்பாக்கம். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம். அந்தக் கிளப் 1846இல் தொடங்கியது. சேப்பாக்கத்துக்கு வந்தது 1865இல். வெள்ளைக்காரர்களுக்கென்று வெள்ளைக்காரர்கள் நடத்திய கிளப் அது. நம் ஆட்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். பந்து பொறுக்கலாம். புல் வெட்டலாம். எப்போதாவது ஆள் வேண்டும் என்றால் ஆடவும் கூப்பிடுவார்கள். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போவார்கள். நம் ஆட்கள் மரத்தடிக்குப் போக வேண்டும்.

இதைத்தான் புச்சிபாபு பார்த்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். அவருக்கு என்ன குறை? கையில் காசு இருக்கிறது. குதிரை வண்டி இருக்கிறது. வீட்டில் மேசை நாற்காலி போட்டே சாப்பிடலாம். நமக்கென்ன என்று போயிருக்கலாம். இல்லை என்றால் தனக்கு மட்டும் உள்ளே ஒரு நாற்காலி கிடைக்குமா என்று அலைந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பல பேர் அதைத்தான் செய்தார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. தனக்கென்று ஒரு கிளப் ஆரம்பித்தார்.

இருபது வயதில் ஒரு கிளப்

1888. அவருக்கு வயது இருபது. நம்மைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட! மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று பெயர் வைத்தார். சென்னை எஸ்பிளனேடு பகுதியில் இந்தியர்களுக்காக இந்தியர் நடத்திய கிளப்.

கிளப் ஆரம்பிப்பது பெரிய காரியமில்லை. நம்ம ஊரில் டீக்கடை பெஞ்சிலேயே நாலு கிளப் ஆரம்பித்து விடுவோம். ஆரம்பித்ததை நடத்துவதுதான் பாடு. கிரிக்கெட் காசு தின்னும் ஆட்டம். பேட், பேடு, கிளவுஸ், தோல் பந்து எல்லாம் அப்போது கப்பலில் வரவேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை வேண்டும். சாதாரண வீட்டுப் பையனுக்கு அது எங்கே கிடைக்கும்? புச்சிபாபு தன் கைக்காசைப் போட்டு வாங்கினார். திறமை இருக்கிற பையன்களைத் தேடிப் பிடித்தார். உடுப்பும் கிட்டும் கொடுத்தார். கூட நின்று ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

கிட் என்பது என்னவென்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். பேடு இல்லாமல் தோல் பந்தை ஆடிப் பாருங்கள். முதல் பந்து முட்டியில் பட்டதும் அடுத்த பந்துக்குக் கால் தானாக லெக் பக்கம் நகரும். பார்க்கிறவன் இவனுக்குப் பயம் என்பான். பயம் இல்லைங்க, பேடு இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தில் எத்தனை பேர் ஆட்டத்தை விட்டே போயிருப்பார்கள்! புச்சிபாபு செய்த முதல் பெரிய காரியம், அந்தக் காரணத்தை இல்லாமல் ஆக்கியது. அவர் பேர் இன்றைக்கும் நிற்பதற்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

இருபது வருஷம் இப்படியே ஓடியது. கிளப் வளர்ந்தது. அதைப் பார்த்து நகரில் வேறு கிளப்புகளும் வளர்ந்தன. சேப்பாக்கத்து வெள்ளைக்காரக் கிளப்போடு மோதுகிற அளவுக்கு இந்தியர்கள் ஆடத் தொடங்கினார்கள்.

ஆடாமல் போன ஆட்டம்

புச்சிபாபுவின் மனசில் இருந்தது ஒரே ஒரு ஆசை. இந்தியர்கள் ஒரு அணி, ஐரோப்பியர்கள் ஒரு அணி, சேப்பாக்கத்தில் ஒரு பெரிய ஆட்டம். வேலைக்காரனாகவோ, ஆள் குறையும்போது கூப்பிடுகிற எடுபிடியாகவோ இல்லாமல் எதிரணியாக, சமமாக உள்ளே போக வேண்டும். பம்பாயில் பார்சி கிளப்புகள் வெள்ளைக்காரர்களோடு மோதி ஜெயித்தும் காட்டிவிட்டன. சென்னையில் அது நடக்கவில்லை. புச்சிபாபு பேசிப் பேசி, அந்தக் கிளப்பை ஒத்துக்கொள்ள வைத்தார். 1908 டிசம்பரில் ஆட்டம் என்று முடிவானது. மெட்ராஸ் பிரசிடென்சி மேட்ச் என்று பிறகு பேர் பெற்றது இதுதான்.

ஆட்டத்துக்குச் சில நாள் இருக்கும்போது புச்சிபாபு இறந்துவிட்டார். வயது நாற்பது.

இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. குரங்கணிப் பாதையில் மூட்டை சுமந்தே முதுகு வளைந்தவர். பேரன் ஒருத்தனாவது ஆபீஸ் பையைத் தூக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு அட்மிஷன் கார்டு வந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். சில பேருக்கு விதைக்கிறதுதான் வேலை போலிருக்கிறது.

ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. அவர் இல்லாமலேயே அந்த 1908 டிசம்பரில் இந்தியர்கள் சேப்பாக்கத்தில் இறங்கினார்கள். கொஞ்ச வருஷ இடைவெளிக்குப் பிறகு 1915இலிருந்து அது ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது. பொங்கல் சமயத்தில் நடந்ததால் பொங்கல் மேட்ச் என்றே மக்கள் சொன்னார்கள். கரும்பும் மேட்ச்சும் சேர்ந்து வந்தால் கேட்கவா வேண்டும்? சி.கே. நாயுடு போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் இந்தியர் அணிக்கு ஆடினார்கள். செங்கல்பட்டுப் பக்கத்துப் பையன் எம்.ஜே. கோபாலன், ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் கண்ணில் பட்டுத்தான் மேலே வந்தார். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடினார். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தபோது முதல் பந்தைப் போட்டவரும் அதே கோபாலன்தான். மைசூர் அணியை ஒரே நாளில் சுருட்டினார்கள் நம்மவர்கள். நாடு விடுதலை அடைந்த பிறகு ஐரோப்பியர், இந்தியர் என்று பிரித்து ஆட வேண்டிய காரணம் போய்விட்டது. 1952இல் பிரசிடென்சி மேட்ச் முடிவுக்கு வந்தது.

பெயர் நின்ற கோப்பை

புச்சிபாபு மறைந்த மறு வருஷம், 1909இல், அவர் நினைவாக ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். அதுதான் புச்சிபாபு கோப்பை. ஆரம்பத்தில் சென்னைக் கிளப்புகளுக்குள் நடந்தது. 1960களில் வெளிமாநில அணிகளையும் கூப்பிட்டு அகில இந்தியப் போட்டியாக்கினார்கள். பெரிய சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும். ரஞ்சிக்குத் தயாராகிறவர்களும், கல்லூரியை முடித்துவிட்டு அடுத்த படி தேடுகிற இளைஞர்களும் தங்களைக் காட்டிக்கொள்கிற இடம்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ரோகிண்டன் பாரியா கோப்பை இந்தியாவில் 1935இல்தான் வந்தது. அதற்கும் கால் நூற்றாண்டு முந்தியது புச்சிபாபு கோப்பை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு ஏற்பாடு பேஸ்பாலில் உண்டு. கல்லூரிப் பையன்கள் கோடை லீவில் கேப் காட் என்ற கடலோரப் பகுதிக்குப் போய் லீக் ஆடுவார்கள். பெரிய அணிகளின் ஆட்கள் வந்து பார்த்து எடுத்துப் போவார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. வெளியூரிலிருந்து வரும் பையன்களை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்வார்கள். வீட்டுப் பிள்ளையோடு ஒரே மேசையில் சாப்பாடு. யாருக்கும் பார்சல் கிடையாது!

புச்சிபாபுவின் பிள்ளைகளும் ஆட்டக்காரர்கள்தான். அவர்களில் ஒருவர் சி. ராமசாமி. அம்மா வழித் தாத்தா வீட்டுக்குத் தத்துப் போனதால் கோட்டா ராமசாமி என்று பெயர். 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடினார். 1936இல் தன் நாற்பதாவது வயதில் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார். மான்செஸ்டரில் முதல் டெஸ்ட்டிலேயே 40, 60 என்று ரன் எடுத்தார். அப்பா எந்த வயதில் இறந்தாரோ அந்த வயதில் மகன் டெஸ்ட் வீரர் ஆனார். 1985இல் ஒருநாள் காலை வீட்டை விட்டுக் கிளம்பிப் போனவர் திரும்பி வரவே இல்லை.

கோப்பைக்கும் கஷ்ட காலம் வந்தது. 2017க்குப் பிறகு சில வருஷம் நின்று போனது. 2023இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் திரும்ப ஆரம்பித்தது. இந்தமுறை சென்னையோடு நிற்காமல் கோவை, சேலம், திருநெல்வேலி, நத்தம் என்று வெளியூர்களுக்குக் கொண்டு வந்தார்கள். 2024 செப்டம்பரில் இறுதி ஆட்டம் நடந்த இடம் எங்கே தெரியுமா? நம்ம திண்டுக்கல் பக்கம், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம்! ஹைதராபாத் அணி சத்தீஸ்கரைத் தோற்கடித்துக் கோப்பையை எடுத்தது. நானும் என் கூட்டாளி ஒருத்தனும் போடியிலிருந்து மூன்று பஸ் மாறிப் போய் ஒருநாள் ஆட்டம் பார்த்தோம். டிக்கெட் காசுக்கு நான் ஒரு வாரம் டீ குடிக்கவில்லை. மதிய இடைவேளையில் இரண்டு அணிக்காரர்களும் பேசிக்கொண்டே சாப்பிடப் போனதைப் பார்த்தபோது, இதற்குத்தானே ஒரு மனுஷன் இருபது வருஷம் ஓடினார் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் மலையில் அப்போது

புச்சிபாபு இறந்த 1908இல் எங்கள் மலையிலும் ஒரு காரியம் நடந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போன பழைய ஒற்றைத் தண்டவாள வண்டியை மாற்றிச் சின்ன ரயிலே விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே எங்கள் கொட்டக்குடிப் பக்கம் இறங்கும். பிறகு வண்டி கட்டி போடிக்குப் போகும். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. புச்சிபாபு கோப்பை தொடங்கிய அதே 1909இல்தான் மூணாறில் தோட்டத் துரைமார்களுக்கு ஹைரேஞ்ச் கிளப் வந்தது. பெட்டியை இறக்கினவர்கள் எங்கள் பாட்டன், பூட்டன்மார். அவர்களுக்கு எந்தக் கிளப்? சேப்பாக்கத்து மரம் சென்னையில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் நின்றிருக்கிறது.

பணக்காரர் கதையைச் சொல்லி எங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அவரிடம் பணம் இருந்தது, செய்தார். நம்மிடம் என்ன இருக்கிறது? நானும் யோசித்துப் பார்த்தேன். பணம் வைத்திருந்தவர்கள் சென்னையில் ஆயிரம் பேர் இருந்தார்கள். கிளப் ஆரம்பித்தவர் இவர். மரத்தடியில் உட்கார்ந்தவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பேடு வாங்கிக் கொடுத்தவர் இவர். நம்மிடம் பணம் இல்லைதான். ஆனால் சங்கம் இருக்கிறதே!

அதனால், நண்பர்களே, இந்தக் கட்டுரையை ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் பாலிடெக்னிக்கில் வருஷா வருஷம் கிரிக்கெட் அணி எடுக்கிறோம். தேர்வு எப்போது வைக்கிறோம்? சாயங்காலம், கிளாஸ் முடிந்த பிறகு. குரங்கணி, கொட்டக்குடி, மேலே இன்னும் எத்தனையோ மலை ஊர்ப் பையன்கள் அந்நேரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்போம். பஸ்ஸை விட்டால் ஜீப். ஜீப்பையும் விட்டால் இருட்டில் நடை. மூன்று வருஷமாக நான் ஒருமுறைகூடத் தேர்வுக்கு நிற்கவில்லை. யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. நேரம்தான் சொன்னது. அதுவும் ஒரு மரத்தடிதான் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே இந்தக் கட்டுரை எழுதும்போதுதான் தோன்றியது.

அடுத்த வருஷத்திலிருந்து தேர்வைச் சனிக்கிழமை காலையில் வையுங்கள். சங்கப் பணத்தில் இரண்டு ஜோடி பேடு, இரண்டு பேட், ஒரு கிளவுஸ் வாங்கிப் பொதுவில் வையுங்கள். சொந்தக் கிட் இல்லாதவனும் ஒரு பந்தாவது பயமில்லாமல் ஆடிப் பார்க்கட்டும். ஆண்டு விழா ஆட்டத்தன்று எல்லாருக்கும் ஒரே வரிசையில் இலை போடுங்கள். செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது. கணக்கு வேண்டுமானால் நானே போட்டுத் தருகிறேன்.

எனக்கு இது கடைசி வருஷம். நான் அந்த அணியில் ஆடப்போவதில்லை. பரவாயில்லை. புச்சிபாபுவே தன் ஆட்டத்தைப் பார்க்கவில்லையே! எங்கள் ஆத்து ஓரத்தில் இப்போது எட்டாவது படிக்கிற ஒரு பொடியன் இருக்கிறான். பந்தைத் தரையோடு அடிப்பதில் என்னையே மிஞ்சிவிடுவான். அவன் இங்கே வந்து சேரும்போது சனிக்கிழமைத் தேர்வு இருந்தால் எனக்கு அது போதும்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு